கடல் ஏறும் இடமெல்லாம் மின்சாரம் வருமா?

அமாவாசையும் பௌர்ணமியும் நெருங்கினால் கிள்ளான் கரையோரத்தில் இருப்பவர்களுக்கு வானத்தைவிடக் கடல்மேல்தான் கண் இருக்கும். பெருங்கடல்பெருக்கு எச்சரிக்கை வந்த நாட்களில் பந்திங் தொடங்கி சபா பெர்ணம் வரை மண் தடுப்புகளை அதிகாரிகள் சுற்றிவந்து பார்ப்பார்கள். தடுப்பு உடைந்து வீட்டுக்குள் உப்புத் தண்ணீர் புகுந்த அனுபவம் அந்த வட்டாரத்தில் பல குடும்பங்களுக்கு உண்டு.

இவ்வளவு தண்ணீர் நாளுக்கு இருமுறை ஏறி இறங்குகிறதே, அதில் மின்சாரம் எடுக்கக் கூடாதா என்ற கேள்வி அந்த நாட்களில் தவறாமல் எழுகிறது. நியாயமான கேள்விதான். 2050-க்குள் மின் உற்பத்தித் திறனில் 70 விழுக்காட்டைப் புதுப்பிக்கத்தக்க ஆற்றலுக்கு மாற்றுவதாக மலேசியா அறிவித்திருக்கிறது. சிங்கப்பூர் இன்றும் தன் மின்சாரத்தில் 95 விழுக்காடு அளவுக்கு இயற்கை எரிவாயுவை நம்பியிருக்கிறது. 2035-க்குள் 6 கிகாவாட் அளவுக்குக் கரிமம் குறைந்த மின்சாரத்தை அண்டை நாடுகளிலிருந்து வாங்கத் திட்டமிடுகிறது. ஜொகூரில் தரவு மையங்கள் ஒன்றன்பின் ஒன்றாக எழும்புகின்றன. இதற்கிடையே, ஸ்காட்லாந்துக் கரைக்கு அப்பால் கடலடியில் பொருத்தப்பட்ட ஒரு டர்பைன், பழுதுபார்ப்புக்காக மேலே தூக்கப்படாமலேயே ஆறு ஆண்டுகளுக்கு மேல் ஓடியிருக்கிறது என்ற செய்தி 2025-இல் வந்தது. இயந்திரம் உப்புநீரில் தாங்குமா என்ற பழைய சந்தேகம் அத்துடன் பெரும்பாலும் தீர்ந்தது. மிச்சமிருப்பது, அதை எங்கே வைப்பது என்பதுதான்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். இங்கே பேசப்படுவது காற்று எழுப்பும் அலை அல்ல. நிலவும் சூரியனும் இழுப்பதால் கடல் மட்டமே உயர்ந்து தாழ்வது. தமிழில் அதற்கு ஓதம் என்று பெயர். இதிலிருந்து மின்சாரம் எடுக்க இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று, கழிமுகத்தையோ வளைகுடாவையோ அணை கட்டி மறித்து, ஏறிய நீரைத் தேக்கி, வெளியே கடல் வற்றியதும் டர்பைன் வழியாக வடியவிடுவது. மற்றது, அணையே இல்லாமல், நீரோட்டம் வேகமாக ஓடும் இடத்தில் காற்றாலை போன்ற டர்பைனைக் கடலடியில் நிறுத்துவது.

முதல் வழி கரையோரத் தோட்டங்களில் வேலை செய்தவர்களுக்குப் புதிதல்ல. கடல் வற்றும்போது மதகைத் திறந்து தோட்டத்துத் தண்ணீரை வெளியே விடுவார்கள், ஏறும்போது அடைத்துவிடுவார்கள். ஓத அணையும் அதே மதகுதான். உள்ளே தேக்குவது மழைநீர் அல்ல, கடல்நீர் என்பது மட்டுமே வேறுபாடு.

ஆனால் கடல் ஏறினால் மட்டும் போதாது, எவ்வளவு ஏறுகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஒரு சதுர கிலோமீட்டர் பரப்புள்ள தேக்கத்தை எடுத்துக்கொள்வோம். ஏற்றத்துக்கும் வற்றுக்கும் இடையே 4 மீட்டர் வித்தியாசம் இருந்தால், ஒருமுறை வடியவிடும்போது கோட்பாட்டளவில் சுமார் 22,000 யூனிட் மின்சாரம் கிடைக்கும். வித்தியாசம் 8 மீட்டராக இருந்தால் சுமார் 89,000 யூனிட். உயரம் இரு மடங்கானால் ஆற்றல் நான்கு மடங்காகிறது. உயரம் பாதியானால் ஆற்றல் கால்பங்காகக் குறைகிறது.

கிள்ளானைப் பற்றிய கணக்கு பலருக்கும் தவறுவது இங்கேதான். எச்சரிக்கையில் வரும் '5 மீட்டருக்கு மேல்' என்பது கடல் வரைபடத்தின் அடிமட்டத்திலிருந்து அளக்கும் உயரம். ஏற்றத்துக்கும் வற்றுக்கும் இடையிலான அன்றாட வித்தியாசம் அதைவிடக் குறைவு. பௌர்ணமி, அமாவாசையை ஒட்டி அது 4 மீட்டர் அளவுக்கு வரும். அஷ்டமி, நவமி நாட்களில் அதில் பாதிக்கும் கீழே இறங்கிவிடும். உலகில் ஓத அணை கட்ட நினைப்பவர்கள் பொதுவாகச் சராசரியாகவே 5 மீட்டராவது வேண்டும் என்று தேடுகிறார்கள். வீட்டுக்குள் தண்ணீர் புகுவதற்குப் போதுமான கடல், மின் நிலையத்தை நடத்துவதற்குப் போதாமல் போகிறது.

போதுமான கடல் இருந்த இடங்களில் என்ன நடந்தது?

பிரான்சின் வடமேற்குக் கரையில் ரான்ஸ் ஆற்றின் கழிமுகத்தில் 1966-இல் திறக்கப்பட்ட 240 மெகாவாட் நிலையம்தான் இத்துறையின் மூத்த பிள்ளை. அங்கே சராசரி வித்தியாசமே 8 மீட்டர். 24 டர்பைன்கள், அணையின் மேல் சாலை என்று அறுபது ஆண்டுகளாக ஓடுகிறது. இந்த வெற்றிக்கதையைச் சொல்பவர்கள் அதிகம் சொல்லாத பகுதியும் உண்டு. கட்டுமானத்துக்காகக் கழிமுகத்தை மூன்று ஆண்டுகள் கடலிலிருந்து முழுவதுமாகத் துண்டித்தார்கள். உள்ளே இருந்த கடல் உயிர்கள் ஏறக்குறைய அழிந்தன. உயிர்கள் திரும்பிவந்து ஒரு புதிய சமநிலை ஏற்படப் பத்து ஆண்டுகள் பிடித்தன. அதுவும் பழைய சமநிலை அல்ல. வண்டல் படிவது இன்றைக்கும் தொல்லை. அந்தக் காலத்தில் சுற்றுச்சூழல் அறிக்கை கேட்க ஆள் இல்லை. இன்று அதே இடத்தில் அதே திட்டத்தைக் கொண்டுபோனால் அனுமதி கிடைக்குமா என்பது சந்தேகமே.

இடத்தேர்வு பற்றி மிக அதிகம் கற்றுத்தரும் நாடு தென்கொரியா. அதன் மேற்குக் கரையில் கடல் பெரிய அளவில் ஏறி இறங்குகிறது. கூடவே பரந்த சேற்றுப் படுகைகள். 1994-இல் சிஹ்வா என்ற இடத்தில் 12.7 கிலோமீட்டர் நீளக் கடல்சுவர் ஒன்றைக் கட்டி முடித்தார்கள். நோக்கம் மின்சாரம் அல்ல. உள்ளே நிலம் மீட்பதும், விவசாயத்துக்கு நன்னீர் ஏரி உருவாக்குவதும்தான். ஆனால் சுற்றியிருந்த தொழிற்சாலைகளின் கழிவு அந்த ஏரியில் சேர்ந்து சில ஆண்டுகளிலேயே அதைச் சாக்கடையாக்கிவிட்டது. மீன்கள் செத்து மிதந்தன. வேறு வழியில்லாமல் மதகைத் திறந்து கடலை உள்ளே விட்டார்கள். நன்னீர் ஏரித் திட்டம் கைவிடப்பட்டது. அதற்குப் பிறகுதான் அந்த யோசனை வந்தது: கடலை எப்படியும் உள்ளே விட்டு வெளியே எடுக்கத்தான் வேண்டும், சுவர் ஏற்கெனவே நிற்கிறது, ஏன் அதில் டர்பைன் பொருத்தக் கூடாது? 2011-இல் 10 டர்பைன்களுடன் 254 மெகாவாட் நிலையம் ஓடத் தொடங்கியது. உலகின் மிகப் பெரிய ஓத மின் நிலையம் அதுதான். கெட்டுப்போன ஒரு நீர்நிலையைச் சுத்தப்படுத்திக்கொண்டே மின்சாரமும் தருகிறது.

இந்த வெற்றியின் சூட்டில் அதே கரையில் இன்னும் பெரிய திட்டங்கள் வரிசையில் நின்றன. காரோரிம் விரிகுடாவில் 520 மெகாவாட், இஞ்சியோனில் 1,000 மெகாவாட்டைத் தாண்டும் ஒன்று. கடல் அளவில் பார்த்தால் காரோரிம் அருமையான இடம். இரண்டு கிலோமீட்டர் சுவர் போதும், உள்ளே பெரிய விரிகுடா. ஆனால் அந்த விரிகுடா சிஹ்வாபோல் கெட்டுப்போன ஒன்றல்ல. சிப்பியும் மீனும் எடுத்துப் பிழைக்கும் கிராமங்களும், புள்ளிக் கடல்நாய்கள் வந்து தங்கும் சேற்றுப் படுகையும் அங்கே இருந்தன. ஊர் இரண்டாகப் பிரிந்தது. 2014-இல் அந்நாட்டுச் சுற்றுச்சூழல் அமைச்சு திட்டத்தின் தாக்க அறிக்கையைத் திருப்பி அனுப்பியது. 2016-இல் காரோரிம் பாதுகாக்கப்பட்ட கடல் பகுதியாக அறிவிக்கப்பட்டது.

ஒரே நாடு, ஒரே கரை, ஏறத்தாழ ஒரே கடல். ஒன்று நிறைவேறியது, மற்றது நின்றது. முடிவு செய்தது கடலின் உயரம் அல்ல, அந்த இடத்தில் இழப்பதற்கு என்ன மிச்சமிருந்தது என்பதே.

அதற்காக, சுவர் ஏற்கெனவே இருந்தால் கவலையில்லை என்று எடுத்துக்கொள்ளவும் முடியாது. கனடாவின் ஃபண்டி விரிகுடாவில் உலகிலேயே மிக உயரமான ஓதம், 16 மீட்டர் வரை, எழுகிறது. அதன் ஓரத்தில் அன்னபோலிஸ் ஆற்றின் குறுக்கே 1960-லேயே கட்டப்பட்டிருந்த தடுப்பில் 1984-இல் 20 மெகாவாட் நிலையம் அமைத்தார்கள். 2004-இல் ஒரு திமிங்கிலம் மதகு வழியாக உள்ளே வந்து வெளியேறத் தெரியாமல் சிக்கிக்கொண்டது உலகச் செய்தியானது. அதைவிடப் பெரிய பிரச்சினை ஆற்றுக்கும் கடலுக்கும் இடையே போய்வரும் மீன்கள் டர்பைனில் அடிபட்டுச் சாவது. 2019-இல் இயந்திரப் பழுதால் நிலையம் நின்றது. மீன் சாவு பற்றிய கேள்விக்குத் திருப்தியான பதில் இல்லாததால் அது மீண்டும் ஓடவில்லை.

அணை வேண்டாம், நீரோட்டத்தில் டர்பைன் நிறுத்தலாம் என்பவர்களுக்கு வேறு கணக்கு காத்திருக்கிறது. நீரோட்டத்தின் வேகம் இரு மடங்கானால் ஆற்றல் எட்டு மடங்காகும். விநாடிக்கு 1 மீட்டர் வேகத்தில் ஓடும் நீரில், ஒரு சதுர மீட்டர் குறுக்குப் பரப்பில் சுமார் அரை கிலோவாட் இருக்கிறது. 2 மீட்டர் வேகத்தில் 4 கிலோவாட். 3 மீட்டரில் கிட்டத்தட்ட 14 கிலோவாட். ஸ்காட்லாந்தின் பென்ட்லண்ட் நீரிணையில் மேஜென் திட்டம் நிற்பதற்குக் காரணம் இதுதான். அங்கே உச்ச நேரத்தில் வேகம் 5 மீட்டர் வரை போகிறது. தலா 1.5 மெகாவாட் திறனுள்ள நான்கு டர்பைன்கள் அங்கே இருக்கின்றன.

வேகம் கூடக்கூட நல்லது என்றும் இல்லை. ஃபண்டி விரிகுடாவில் 2009-இல் இறக்கிய டர்பைன் ஒன்றின் இறக்கைகள் சில வாரங்களிலேயே பிய்ந்துபோயின. கணித்ததைவிடக் கடல் வேகமாக ஓடியதே காரணம். அளக்காமல் இறங்கினால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் தேவையில்லை.

இப்போது அந்த 1.5 மெகாவாட் டர்பைனை மலாக்கா நீரிணைக்குக் கொண்டுவந்து பார்ப்போம். விநாடிக்கு 3 மீட்டர் வேகத்தில் முழுத்திறனை எட்டும் இயந்திரம் அது. நீரிணையின் பெரும்பகுதியில் நீரோட்டம் 1 மீட்டரை ஒட்டியோ அதற்குக் குறைவாகவோதான் இருக்கிறது. குறுகலான சில இடங்களில் மட்டும் பெருக்கு நாட்களில் அதைத் தாண்டுகிறது. 1.5 மீட்டர் வேகம் கிடைத்தால் அதே இயந்திரம் எட்டில் ஒரு பங்கு, அதாவது 190 கிலோவாட் அளவே தரும். 1 மீட்டர் என்றால் கணக்குப்படி 55 கிலோவாட்; நடைமுறையில் அந்த வேகத்தில் அது சுழலத் தொடங்குவதே பாடு. மெதுவான நீருக்கென்றே அகலமான இறக்கைகளுடன் வடிவமைத்தால் நிலைமை ஓரளவு மாறும். ஆனால் இல்லாத ஆற்றலை எந்த வடிவமைப்பாலும் உண்டாக்க முடியாது.

வேகம் தவிர வேறு இடைஞ்சல்களும் இருக்கின்றன. ஆண்டுக்கு 80,000-க்கும் மேற்பட்ட கப்பல்கள் கடக்கும் பாதை இது. நங்கூரம் இழுபடும் இடத்தில் மின்கம்பியும் டர்பைனும் நிம்மதியாக இருக்க முடியாது. நீரிணையின் அடியில் மணல் மேடுகள் இடம்பெயர்ந்துகொண்டே இருக்கின்றன. வெப்பமான கடலில் சிப்பியும் பாசியும் இரும்பில் அப்பிக்கொள்ளும் வேகம் குளிர்நாட்டுப் பொறியாளர்கள் பழகியதல்ல. ஸ்காட்லாந்தில் ஆறு ஆண்டு நிற்காமல் ஓடியது இங்கேயும் அப்படியே ஓடும் என்று யாரும் உறுதி கொடுக்க மாட்டார்கள்.

அணை என்றால் சிலாங்கூர் கரையில் அது போய் உட்காரக்கூடிய இடமெல்லாம் பாக்காவ் மரங்கள் நிற்கும் சதுப்புநிலமும் சேற்றுப் படுகையும்தான். கேரித் தீவில் மா மெரி மக்கள், கெத்தாம் தீவில் மீனவர்கள், கோலசிலாங்கூர் பக்கம் கெராங் சிப்பி வளர்ப்பவர்கள் என எல்லாருடைய பிழைப்பும் கடல் ஏறி வற்றும் அந்தச் சேற்றில்தான் இருக்கிறது. கெராங் விளைச்சல் ஏற்கெனவே பெரிதும் சரிந்துவிட்டது. கடற்கரையை அரிப்பிலிருந்து காப்பதும் அந்த மரங்களே. அவற்றை வெட்டிச் சுவர் எழுப்பி, 3 மீட்டர் சராசரியில் சொற்ப மின்சாரம் எடுத்து, அதற்குப் 'பசுமை' என்று பெயர் வைத்தால் காரோரிம்மின் தவறை அதன் கடல்கூட இல்லாமல் செய்ததாகிவிடும்.

தீபகற்பத்தைவிட சரவாக்கில் கடல் அதிகம் ஏறுகிறது. கூச்சிங் பக்கம் பெருக்கு நாட்களில் வித்தியாசம் 5 மீட்டரை எட்டும். ஸ்ரீ அமானில் பத்தாங் லூப்பார் ஆற்றில் கடல்நீர் சுவர்போல் எழுந்து ஆற்றை எதிர்த்து ஓடும் 'பெனாக்' காட்சியைப் பார்க்க விழாவே எடுக்கிறார்கள். பார்க்க அழகு, டர்பைன் வைக்க உதவாது. கூச்சிங்கில் வேறொரு வாய்ப்பு தெரிகிறது. சரவாக் ஆற்றின் குறுக்கே 1990-களில் கட்டிய தடுப்பணை ஏற்கெனவே நிற்கிறது. மதகுகளும் படகு கடக்கும் வழியும் உள்ளன. சிஹ்வாவின் பாடம் பொருந்தக்கூடிய இடம் மலேசியாவில் இருந்தால் அது இதுவாகத்தான் இருக்கும். ஆனால் அந்த மதகுகளின் முதல் வேலை கூச்சிங்கை வெள்ளத்திலிருந்து காப்பது. மின்சாரத்துக்காக நீரைத் தேக்கவேண்டிய நேரமும் வெள்ளத்துக்காக வடியவிடவேண்டிய நேரமும் மோதினால் எது விட்டுக்கொடுக்கும் என்பதில் விவாதமே இல்லை. பக்குன் அணை ஒன்றே 2,400 மெகாவாட் திறனுள்ளது. மலிவான நீர்மின்சாரம் கையில் இருக்கும் மாநிலத்துக்கு விலையுயர்ந்த ஓத மின்சாரத்தில் அவசரம் இருக்காது.

சிங்கப்பூரின் மரினா அணைக்கட்டும் இதே காரணத்தால் கணக்கில் வராது. 2008-இல் திறந்த அந்த அணை கடலை வெளியே நிறுத்திக் குடிநீரைக் காக்கவே இருக்கிறது. அதில் கடலை உள்ளே விட முடியாது. சிங்கப்பூர் செய்வது வேறு. நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2013-இல் செந்தோசா நடைபாலத்தின் அடியில் மெதுவான நீரோட்டத்துக்கான சிறு டர்பைன்களைப் பொருத்திச் சோதித்தது. செமக்காவ் தீவில் சூரிய ஒளி, காற்று, ஓதம் ஆகியவற்றை இணைத்துச் சிறு மின்கட்டமைப்பைச் சோதிக்கும் திட்டமும் அதனுடையது. இவை நாட்டுக்கு மின்சாரம் தர அல்ல, தீவுகளுக்கு விற்கக்கூடிய தொழில்நுட்பத்தைக் கற்றுக்கொள்ள. சிங்கப்பூரின் கடல் அளவை அறிந்து எடுத்த முடிவு என்றே சொல்ல வேண்டும்.

விலை என்ன? பிரிட்டன் 2022-இல் நடத்திய ஏலத்தில் ஓத நீரோட்ட மின்சாரத்துக்கு மெகாவாட் மணிக்கு 178.54 பவுண்டும், கடல் காற்றாலை மின்சாரத்துக்கு 37.35 பவுண்டும் நிர்ணயமாயின. ஏறக்குறைய ஐந்து மடங்கு. வேல்ஸின் ஸ்வான்சீ விரிகுடாவில் 320 மெகாவாட் திட்டம் ஒன்றை, கடல் போதுமான அளவு ஏறியும், செலவைக் காட்டி 2018-இல் பிரிட்டிஷ் அரசே நிராகரித்தது. இந்தியாவில் காம்பே வளைகுடாவில் கடல் 11 மீட்டர் வரை ஏறுகிறது. ஆனால் கட்ச் வளைகுடாவில் அறிவித்த 50 மெகாவாட் திட்டமும், சுந்தரவனத்தில் திட்டமிட்ட 3.75 மெகாவாட் நிலையமும் செலவு தாளாமல் நின்றுபோயின.

அப்படியானால் ஐந்து மடங்கு விலை கொடுத்தும் இலாபம் பார்க்கும் இடம் எது? இன்றைக்கே அதைவிட அதிக விலை கொடுத்துக்கொண்டிருக்கும் இடம்தான். டீசலைப் படகில் ஏற்றிக்கொண்டுபோய் ஜெனரேட்டரில் எரிக்கும் தீவுகள். பிலிப்பீன்ஸின் சான் பெர்னார்டினோ நீரிணையில் கபுல் தீவுக்கு 1 மெகாவாட் ஓத நிலையம் அமைக்கத் திட்டமிட்டிருப்பதன் தர்க்கம் இது. நீரோட்டம் வேகமானது, தீவு சிறியது, டீசல் விலை உயர்ந்தது. சபாவின் வடகிழக்கில் உள்ள ஜம்போங்கான் தீவையும் மேற்குக் கரையில் கோத்தா பெலூட்டையும் நீரோட்ட மின்சாரத்துக்கு ஏற்ற இடங்களாக 2010-லேயே ஓர் ஆய்வு சுட்டிக்காட்டியது. ஓதத்தின் பெரிய பலம், நாளை எத்தனை மணிக்கு எவ்வளவு வரும் என்பதை இன்றே பஞ்சாங்கம்போல் சொல்ல முடிவது. மேகம் மூடினால் சூரியத் தகடு படுத்துவிடும். நிலவு யாரையும் ஏமாற்றாது.

ஆனால் அங்கேயும் ஓதத்தின் போட்டியாளர் டீசல் மட்டுமல்ல. சூரியத் தகடும் மின்கலமும் ஆண்டுக்கு ஆண்டு மலிவாகி வருகின்றன. அஷ்டமி, நவமி வாரத்தில் நீரோட்டம் தளரும்போது தீவுக்கு எது கைகொடுக்கும் என்ற கேள்விக்கும் பதில் வேண்டும். கணினி மாதிரி ஒன்றை வைத்துக்கொண்டு முதலீட்டாளர்களை அழைப்பது எளிது. கடலடியில் அளவீட்டுக் கருவியை இறக்கி, பெருக்கும் தளர்வும் இருமுறையாவது வந்துபோகும்வரை ஒரு மாதத்துக்குக் குறையாமல் நீரோட்டத்தைப் பதிவு செய்வது அதற்கு முன் நடக்க வேண்டிய வேலை. நிலவின் சுழற்சியால் ஓதத்தின் அளவே 18.6 ஆண்டுகளில் சற்றுக் கூடிக் குறையும் என்பதால், அந்த ஒரு மாதக் கணக்கையும் அப்படியே இருபது ஆண்டுக்கு நீட்ட முடியாது. தீவில் வலை வீசுபவர்களிடம் எந்த மாதத்தில், எந்தத் துறையில் நீர் எப்படி இழுக்கிறது என்று கேட்டால் கருவியை எங்கே இறக்குவது என்பதாவது தெரியும். அதற்குச் செலவும் இல்லை.

ஜம்போங்கான் போன்ற இடத்துக்கு யாராவது நாளை திட்ட அறிக்கையோடு வந்தால், அதில் முதலில் தேட வேண்டியவை இரண்டே எண்கள்: தளர்வு வாரத்தில் பதிவான நீரோட்டத்தின் வேகம், படகுக்கூலியும் சேர்த்து அந்தத் தீவில் ஒரு யூனிட் டீசல் மின்சாரம் விழும் விலை.